பிரெக்கன்ரிட்ஜ் பயணம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கொலராடோவில் ராக்கி மலைத்தொடரில் 9,600 அடி உயரத்தில் இருக்கிறது பிரெக்கன்ரிட்ஜ். 1859-ல் தங்கம் கிடைத்ததால் பிறந்த ஊர். இப்போது பனிச்சறுக்குக்குப் பேர்போனது. டென்வரிலிருந்து சுமார் 80 மைல்தான் என்பதால் குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா என்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி அந்த ஊரைப் பற்றியே இருந்ததால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஜூலையில் டாலஸிலிருந்து நான்கு நாள் போகிறோம். 6 வயது மகள், 11 வயது மகன், கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார், நாங்கள் இருவர். இணையத்தில் எதைத் தொட்டாலும் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. ஆறு பேருக்குப் பெருக்கிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதில்: ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்க முடியும் என்றால் சுரங்கத்துக்குள் போகிற டிக்கெட்டை வாங்குங்கள். மற்றதில் பாதிக்கு மேல் அந்த ஊரில் இலவசம். இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் முதல் நாளே பணத்தைக் கரைத்துவிடுகிறார்கள்.

இலவசங்களை முதலில் சொல்கிறேன். ஊருக்குள்ளிருந்து மலைச் சரிவில் ஏறும் கொண்டோலா என்கிற ரோப் காருக்கு டிக்கெட்டே கிடையாது. கோடையிலும் அப்படித்தான். பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே சதுப்பு நிலத்துக்கு மேலாகப் போகலாம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இதைவிட நல்ல மலைக்காட்சி கிடையாது. ஊருக்குள் ஓடும் ‘ஃப்ரீ ரைடு’ பேருந்தும் இலவசம். பக்கத்து ஊர்களை இணைக்கும் ‘சம்மிட் ஸ்டேஜ்’ பேருந்தும் இலவசம்.

அருங்காட்சியகங்களிலும் மூன்று இடங்களுக்குக் கட்டாயக் கட்டணம் இல்லை. விருப்பப்பட்டதைப் பெட்டியில் போடலாம். பார்னி ஃபோர்டு வீட்டுக்கு உங்கள் மகனைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். 1822-ல் அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, 1860-ல் இங்கே தங்கம் தேடியவர் ஃபோர்டு. கறுப்பர் என்பதால் அவர் தோண்டிய இடம் அவருக்கு இல்லாமல் போனது. 20 ஆண்டு கழித்து அதே ஊருக்குச் செல்வந்தராகத் திரும்பி, உணவகம் நடத்தி, 1882-ல் கட்டிய வீடு அது. இரண்டாவது எட்வின் கார்ட்டர் என்பவரின் மரவீடு. தங்கம் தேட வந்தவர், சுரங்கத் தொழில் காட்டு விலங்குகளுக்குச் செய்த கேட்டைப் பார்த்து, பறவைகளையும் மிருகங்களையும் பாடம் பண்ணிச் சேர்க்க ஆரம்பித்தார். டென்வரின் பெரிய இயற்கை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பில் இருந்துதான் தொடங்கியது. மூன்றாவது ஹைலைன் ரயில் பூங்கா. 11,481 அடி உயர போரியஸ் கணவாய் வழியாக ஓடிய குறும்பாதை ரயிலின் எஞ்சினும், பனியை வெட்டி எறியும் பிரம்மாண்டச் சக்கரம் வைத்த வண்டியும் அங்கே நிற்கின்றன. 6 வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரம் போவது தெரியாது.

அப்புறம் பூதம். டென்மார்க் கலைஞர் தாமஸ் டாம்போ மரத்துண்டுகளால் செய்த 15 அடி உயரப் பூதம் ஒன்று மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சின்ன நடைதான், இதுவும் இலவசம். முதலில் வீடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் அங்கிருந்து எடுத்து 2019-ல் இப்போதைய இடத்தில் வைத்தார்கள். காரில் போனால் நிறுத்துமிடத்துக்கு அலைய வேண்டியிருக்கும். பேருந்தில் போய்விடுங்கள்.

இனி காசு கொடுக்க வேண்டியது. அந்த ஊரில் தங்கம் எடுத்த முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. முதலில் ஓடை மணலை அலசி எடுத்தார்கள். பிறகு குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி மலைச் சரிவையே கரைத்தார்கள். பிறகு பாறைக்குள் சுரங்கம் வெட்டினார்கள். 1898-லிருந்து 1942 வரை, ஆற்றில் மிதந்துகொண்டே அடிப்பாறை வரை தோண்டும் தூர்வாரிக் கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் இன்று ஓர் இடம் இருக்கிறது. நான் சொல்லும் ஏற்பாடு இந்த வரிசையிலேயே பார்ப்பது.

அலசுவதற்கும் பீய்ச்சுவதற்கும் லோமாக்ஸ் கல்ச். ஊரின் வரலாற்று அமைப்பு கோடையில் நடத்தும் இடம். வழிகாட்டி கதை சொல்லி, தட்டைக் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுப்பார். சுரங்கத்துக்கு இரண்டு வழி. ஒன்று, 1887-ல் தொடங்கிய கன்ட்ரி பாய் சுரங்கம். மலைக்குள் சுமார் 1,000 அடி நடந்து போகலாம். வெளியே கழுதைகள், சறுக்குமரம், ஓடையில் தங்கம் அலசுவது எல்லாம் இருப்பதால் சின்னக் குழந்தை உள்ள குடும்பத்துக்கு இதுதான் சரி. இன்னொன்று வாஷிங்டன் சுரங்கம். அதே வரலாற்று அமைப்பு சின்னக் குழுவாகக் கூட்டிப்போகிறது. வரலாற்றில் ஆசை உள்ள பெரியவர்களுக்கு அது பிடிக்கும். உங்கள் குடும்பத்துக்கு முதலாவதே போதும், இரண்டையும் வாங்க வேண்டாம். உள்ளே கோடையிலும் நல்ல குளிர், தரை ஈரம். மாமியார் செருப்போடு வந்தால் சிரமப்படுவார். எல்லோருக்கும் ஸ்வெட்டரும் மூடிய ஷூவும் வேண்டும்.

தூர்வாரிக்குக் காசே வேண்டாம். பிரெஞ்ச் கல்ச் பள்ளத்தாக்கில் எளிதான காட்டுப் பாதை ஒன்று ரைலிங் தூர்வாரிக்குப் போகிறது. 1922-ல் தான் தோண்டிய குட்டையிலேயே மூழ்கிய மரக்கப்பல், இன்னும் அங்கேயே மக்கிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் உருண்டைக் கற்கள் மேடு மேடாகக் கிடக்கும். அது இயற்கை இல்லை. அடியில் கிடந்த கல்லை எல்லாம் அந்த இயந்திரம் வாரி மேலே கொட்டியது. தங்கத்துக்காக ஓர் ஆற்றையே புரட்டிப் போட்டார்கள் என்பது பையனுக்கு அந்த இடத்தில் சொல்லாமலே புரியும். அந்தப் பகுதியில் சுமார் 1,800 ஏக்கர் பழைய சுரங்க நிலத்தை ஊராட்சியும் கவுண்டியும் 2005-ல் சேர்ந்து வாங்கிப் பொது நிலமாக்கியதால்தான் இன்று நாம் சும்மா நடக்க முடிகிறது.

மலைமேல் கோஸ்டர் போன்ற விளையாட்டுகளுக்குக் கட்டணம் அதிகம். பையன் ஆசைப்பட்டால் ஒரு முறை தனி டிக்கெட் வாங்குங்கள். நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் என்று விற்கும் பாஸ் ஆறு பேருக்கும் வேண்டவே வேண்டாம். தாத்தாவும் பாட்டியும் எதில் ஏறப் போகிறார்கள்? மகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, தளத்தில் போட்டிருக்கும் உயர விதியோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்னொன்று: ஜூலையில் அங்கே பிற்பகலில் இடி மின்னலோடு மழை வருவது வாடிக்கை. மின்னல் வந்தால் வெளியில் இருக்கும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் கோஸ்டரும் நடையும் காலையில், சுரங்கமும் அருங்காட்சியகமும் மதியத்துக்கு மேல். மழையால் நின்றால் பணம் திரும்ப வருமா, வேறு நேரம் தருவார்களா என்பதை வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தங்கம் அலசும் இடங்களில் ‘கட்டாயம் கிடைக்கும்’ என்று மண் பை விற்கிறார்களே, அது உண்மைத் தங்கமா? ரத்தினக் கல் பைகளும் இருக்கின்றன. குழந்தை கேட்டால் வாங்கலாமா?

பதில்: பொதுவாக மலைச் சுற்றுலா ஊர்களில் விற்கும் இந்தப் பைகளில் இருப்பது உண்மைப் பொருள்தான். ஆனால் அங்கே விளைந்தது இல்லை. தங்கத் துகளை எடை பார்த்து மண்ணில் கலந்து பையாகக் கட்டுகிறார்கள். ரத்தினக் கற்கள் பெரும்பாலும் பிரேசில், மடகாஸ்கர் போன்ற நாடுகளிலிருந்து மொத்தமாக வந்த மலிவு ரகம். சின்னக் குழந்தைக்குக் கையில் ஏதாவது கிடைத்தே ஆக வேண்டும் என்றால் மிகச் சிறிய பை ஒன்று வாங்கலாம். பெரிய பைக்கும் சின்னப் பைக்கும் உள்ளே இருப்பதில் உள்ள வித்தியாசத்தைவிட விலையில் வித்தியாசம் அதிகம்.

என் விருப்பம் ஓடை மணலை அலசுவதுதான். தட்டில் ஒரு கை மணலை எடுத்துத் தண்ணீரில் முக்கி, முதலில் பக்கவாட்டில் நன்றாகக் குலுக்க வேண்டும். கனமானது அடியில் இறங்கும். பிறகு தட்டைச் சாய்த்து, மேல் மணலைத் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வழித்துவிட வேண்டும். அரிசியில் கல் அரிக்கிற அதே கைவாகு. உங்கள் வீட்டுப் பாட்டிக்கு வழிகாட்டியே தேவைப்படாது. கடைசியில் கறுப்பாக ஒரு பிறை வடிவம் மிஞ்சும். அது இரும்புத் தாது மணல், சாதாரண மணலைப் போல் இரண்டு மடங்கு கனம். தங்கம் அதைவிடவும் மூன்று மடங்குக்கு மேல் கனம் என்பதால் இருந்தால் அந்தக் கறுப்பின் ஓரத்தில்தான் ஊசிமுனை அளவு மினுக்கும். தட்டைத் திருப்பி நிழலில் பாருங்கள். நிழலிலும் மஞ்சளாகவே இருந்தால் தங்கம். வெயிலில் பளபளத்து நிழலில் மங்கினால் மைக்கா அல்லது பைரைட்.

கடைகளில் சின்னக் குப்பியில் தண்ணீரில் மிதக்கும் தங்கத் தகடுகள் விற்கும். கண்ணுக்கு நிறையத் தெரியும், எடை மில்லிகிராம் கணக்குதான். நினைவுப் பொருளாக வாங்குங்கள், தங்கமாக நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: அங்கே கடைவீதியில் இயற்கையான தங்கக் கட்டியில் செய்த டாலர், மோதிரம் விற்கிறார்கள். சுரங்க ஊர்த் தங்கம் என்று மனைவி ஆசைப்படுகிறார். வாங்கலாமா?

பதில்: ஆசைக்கு வாங்கலாம், சேமிப்புக்கு வேண்டாம். முதல் கேள்வி: அது மண்ணில் கிடைத்த கட்டியா, கட்டி மாதிரி வார்த்த நகையா? இரண்டும் அலமாரியில் ஒரே மாதிரி இருக்கும். இயற்கைக் கட்டி என்றால் எந்த இடத்தில் எடுத்தது, எடை எவ்வளவு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

இயற்கைத் தங்கத்தில் வெள்ளி கலந்தே இருக்கும். இடத்துக்கு இடம் தூய்மை மாறும். நம் ஊரில் 22 காரட், 916 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. விலையும் அன்றைய தங்க விலையைவிட அதிகமாக இருக்கும், ஏனென்றால் அதை அபூர்வப் பொருளாக விற்கிறார்கள். நாளைக்கு அடகுக் கடையிலோ நம்மூர் நகைக்கடையிலோ கொடுத்தால் உருக்கினால் என்ன வருமோ அதைத்தான் தருவார்கள்.

வார்த்த நகை என்றால் முத்திரையைப் பாருங்கள். அமெரிக்காவில் 14 காரட்டுக்கு 585, 10 காரட்டுக்கு 417 என்று இருக்கும். இந்தியாவில் ஹால்மார்க் போல அரசு அங்கீகாரம் பெற்ற மையம் சோதித்துப் போடும் கட்டாய முத்திரை இங்கே கிடையாது, விற்பவர்தான் பொறுப்பு. ஆகவே கடையின் பெயரும் காரட்டும் எடையும் உள்ள ரசீது முக்கியம். ‘தங்கத்தில் தோய்த்தது’ என்று விற்கும் ஆஸ்பென் மர இலைகள் அழகாக இருக்கும். மேலே இருப்பது மெல்லிய பூச்சு மட்டுமே. 24 காரட் என்று எழுதியிருப்பது அந்தப் பூச்சைப் பற்றியது.

உண்மையான பிரெக்கன்ரிட்ஜ் தங்கத்தைப் பார்க்க வேண்டுமானால் டென்வர் இயற்கை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஃபார்ன்கோம் மலையில் 1887-ல் டாம் குரோவ்ஸும் அவர் கூட்டாளியும் எடுத்த, எடுத்தபோது 13 பவுண்டுக்கு மேல் எடை இருந்ததாகச் சொல்லப்படும் கட்டி அங்கே இருக்கிறது. கிடைத்த அன்று அதைத் துணியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் காட்டினாராம், அதனால் ‘டாமின் குழந்தை’ என்றே பெயர். அதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனால் பிள்ளைகளின் ஆர்வமே வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தம் உண்டு. அந்த ஊர்க் கடைகளில் ஆக்ஸிஜன் கேன் விற்கிறார்களாம். எத்தனை வாங்கி வைத்துக்கொள்வது?

பதில்: ஒன்றும் வேண்டாம். இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். பணம் மட்டுமல்ல, உடல்நலமும் இதில் இருக்கிறது.

9,600 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. 8,000 அடிக்கு மேல் போகிறவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சகஜம். இளைஞர்களுக்கும் வரும். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பெரிய கேனில் 10 லிட்டர் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒரு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை மூச்சில் இழுக்கிறார். அப்படியானால் அந்தக் கேன் தொடர்ந்து எத்தனை நிமிடம் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். எடுத்ததும் சற்றுத் தெம்பாக இருக்கும், மூடியை வைத்ததும் அப்பாவின் உடல் அதே 70 சதவீதக் காற்றில்தான் இருக்கும். அதைவிட ஆபத்து, தலைவலி வந்தவருக்கு இதைக் கொடுத்துவிட்டு ‘சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது.

அந்தப் பணத்தை இப்படிச் செலவிடுங்கள். முதல் இரவு டென்வரில் தங்குங்கள். 5,280 அடியில் ஒரு நாள் இருந்துவிட்டு ஏறினால் உடல் கொஞ்சமாவது பழகும். இரண்டாவது, தூங்கும் இடத்தைத் தாழ்வாகத் தேர்ந்தெடுங்கள். சில்வர்த்தோர்ன் கிட்டத்தட்ட 8,700 அடி, ஃபிரிஸ்கோ சுமார் 9,100 அடி. பிரெக்கன்ரிட்ஜுக்குத் தெற்கே புளூ ரிவர் பக்கம் வீடு மலிவாகக் கிடைத்தாலும் அது 10,000 அடிக்கு மேல். அப்பா வருகிற பயணத்துக்கு அது வேண்டாம். பகலில் மேலே சுற்றிவிட்டு இரவு கீழே படுப்பது நல்லது, அதற்குத்தான் இலவசப் பேருந்து இருக்கிறதே.

கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். மலை நோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை எடுத்துப்போகலாம். ஆனால் வீட்டில் 97, 98 காட்டுவது அங்கே 90-ஐ ஒட்டி இறங்குவதைப் பார்த்து அந்த எண்ணுக்காக மட்டும் பதறாதீர்கள். ஆளைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம், இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் 911-ஐ அழையுங்கள். மருத்துவமனை ஃபிரிஸ்கோவில், பக்கத்திலேயே இருக்கிறது.

அப்பா இந்தியாவிலிருந்து வந்தவர் என்றால் அவருக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் உச்சவரம்பு போட்ட திட்டமா, முழுச் செலவை ஏற்கும் திட்டமா என்பது முதல் விஷயம். ஏற்கனவே இருக்கும் ரத்த அழுத்தத்தால் திடீரென்று வரும் சிக்கலை ஏற்பார்களா, எந்த வயது வரை என்பது இரண்டாவது. மலை ஊர் ஆம்புலன்ஸ் பில்லைப் பார்த்த பிறகு இதைப் படித்துப் பயனில்லை.

கேள்வி: போன வருடம் வீடு வாடகைக்கு எடுத்தோம். ஒரு இரவுக்கு என்று காட்டிய தொகைக்கு மேல் சுத்தம் செய்யும் கட்டணம், ரிசார்ட் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் ஏறிவிட்டது. இதற்கு வழியே இல்லையா? சமையலும் சரியாக வரவில்லை, பருப்பு வேகவே இல்லை.

பதில்: முதல் பாதிக்கு நல்ல செய்தி. ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹோட்டலும் குறுகிய கால வாடகை வீடும், கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே, மற்ற எண்களைவிடத் தெளிவாகக் காட்ட வேண்டும். அரசு வரிகளை மட்டும் பிறகு சேர்க்கலாம். விரும்பினால் எடுக்கும் சேவைகளும் தனி. ஆக, விளம்பரத்தில் ஒரு தொகை, பணம் கட்டும்போது சுத்தம் செய்யும் கட்டணம் புதிதாக முளைத்தது என்றால் இரண்டு பக்கங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் விற்ற தளத்திடம், பிறகு அந்தக் கமிஷனின் புகார்ப் பக்கத்தில் பதியுங்கள். கட்டணத்துக்கு உச்சவரம்பு எதுவும் இந்த விதியில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு இரவு மட்டும் தங்கினாலும் சுத்தம் செய்யும் கட்டணம் முழுசாகத்தான் விழும். ஆறு பேர் மூன்று நான்கு இரவு தங்கினால்தான் வீடு ஹோட்டலைவிட லாபம்.

வாடகை எடுக்கும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: படிக்கட்டு எத்தனை, எத்தனை கார் நிறுத்தலாம், அடுப்பு எந்த மாதிரி. முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு மூன்று மாடி வீட்டின் உச்சியில் படுக்கையறை கொடுத்தால் காட்சி எதற்கு?

பருப்பு வேகாததற்கு வீட்டுக்காரர் மேல் தப்பில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழையாது, ரைஸ் குக்கரில் சாதம் விறைத்தே நிற்கும், இட்லிகூட நேரம் எடுக்கும். பிரஷர் குக்கரைக் கையோடு கொண்டுபோங்கள். மின்சாரப் பிரஷர் குக்கர் என்றால் 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 5 சதவீதம் நேரம் கூட்டுவது வழக்கம். இந்த ஊருக்கு அது கிட்டத்தட்ட 40 சதவீதம். பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தால் இன்னும் நல்லது. மளிகையை டென்வரிலேயே முடித்துக்கொண்டு ஏறுங்கள், மேலே எல்லாமே விலை கூடுதல்.

கேள்வி: எல்லா இடத்திலும் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். அடிபட்டால் நம்மால் ஒன்றும் கேட்க முடியாதா?

பதில்: கொலராடோவில் 2003-ல் வந்த சட்டப்படி, சாதாரணக் கவனக்குறைவுக்காகப் பிள்ளை பின்னால் வழக்குப் போடும் உரிமையைப் பெற்றோர் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கலாம். எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை என்பதால் இங்கே படித்துவிட்டுக் கையெழுத்திடுவது முக்கியம். ஆனால் வேண்டுமென்றே செய்தது, அலட்சியத்தின் உச்சம் போன்றவற்றை அந்தக் கையெழுத்து மூடிவிடாது. பனிச்சறுக்கு இடங்கள் பாதுகாப்புச் சட்டத்தையே மீறியிருந்தால் படிவத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று 2024-ல் மாநில உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

நடைமுறையில் இன்னொரு சிக்கல் வரும். நண்பர் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப்போனால் நீங்கள் அவர்களுக்காகக் கையெழுத்திட முடியாது. அவர்களுடைய பெற்றோரே இணையத்தில் முன்கூட்டி நிரப்ப வேண்டும். இது தெரியாமல் டிக்கெட் வாங்கிவிட்டு வாசலில் ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்தி வைப்பது அந்தக் குழந்தைக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: கிறிஸ்துமஸ் விடுமுறையில் பனி பார்க்கப் போகிறோம். யாருக்கும் ஸ்கீ தெரியாது. வாடகைக் கார். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பனி பார்க்கத்தான் என்றால் ஸ்கீ டிக்கெட் வாங்காதீர்கள். கவுண்டரில் அன்றன்று வாங்கும் ஒரு நாள் டிக்கெட் உச்சகட்ட விடுமுறையில் ஆளுக்கு 200 டாலரைத் தாண்டும். பழகியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் நின்றால், முன்கூட்டியே விற்கும் நாள் பாஸ் மலிவு. அதற்கு டிசம்பர் தொடக்கத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். திருப்பித் தர முடியாது என்பதையும் பாருங்கள். உடைகளை வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

சறுக்கி விளையாட கார்ட்டர் பூங்காவில் இலவசச் சரிவு இருக்கிறது. பிளாஸ்டிக் ஸ்லெட்டை டென்வரிலேயே வாங்கிப்போனால் போதும். டியூபில் உட்கார்ந்து சறுக்க வேண்டுமானால் ஃபிரிஸ்கோவில் ஊராட்சி நடத்தும் இடம் இருக்கிறது. விடுமுறையில் நேரம் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். பயணத்தை ஜனவரி பிற்பகுதிக்குத் தள்ள முடிந்தால் பனிச்சிற்பப் போட்டியைப் பார்க்கலாம். பல நாட்டுக் குழுக்கள், ஆளுயரத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கும் பனிக்கட்டியை மின்கருவி இல்லாமல் கையாலேயே செதுக்குவார்கள். பார்க்கக் கட்டணம் இல்லை.

கார் விஷயத்தில் இரண்டு. செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஐ-70 மலைப்பாதையில், மோரிசனுக்கும் டோட்செரோவுக்கும் நடுவில், டயர் பள்ளத்தின் ஆழம் ஓர் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்காவது வேண்டும். நான்கு சக்கர இயக்கம் இல்லாத கார் என்றால் பனிக்கேற்ற டயரோ, சங்கிலி போன்ற மாற்று ஏற்பாடோ கையில் இருக்க வேண்டும். வாடகை நிறுவனங்கள் பல சங்கிலி மாட்ட அனுமதிப்பதில்லை. ‘எஸ்யூவி’ என்று முன்பதிவில் போட்டிருந்தாலே போதாது. நான்கு சக்கர இயக்கம் இருக்கிறதா, டயரில் எம்+எஸ் குறியாவது மலையும் பனித்துகளும் வரைந்த குறியாவது இருக்கிறதா என்று சாவி வாங்கும் முன் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது சுங்கம். விமான நிலையத்திலிருந்து வழிகாட்டிச் செயலி ஈ-470 சாலையில் ஏற்றிவிடும். அங்கே காசு வாங்கும் ஆள் கிடையாது, எண் பலகையைப் படம் எடுத்துக் கணக்கு அனுப்புவார்கள். வாடகைக் கார் என்றால் சுங்கத்தோடு நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேரும். செயலியில் ‘சுங்கம் தவிர்’ என்று அழுத்திவிட்டு ஐ-70 வழியாகப் போங்கள். ஊர் திரும்பும்போது ஐடஹோ ஸ்பிரிங்ஸ் பக்கம் இடது ஓரத்தில் வரும் விரைவுத் தடமும் கட்டணத் தடம்தான்.

கேள்வி: வழியில் ஜார்ஜ்டவுன் மலை ரயிலுக்கு இறங்கலாமா, அல்லது அதே பணத்தைப் பிரெக்கன்ரிட்ஜிலேயே செலவிடலாமா?

பதில்: பெரியவர்களோடு போனால் ரயில்தான். சில்வர் பிளூமுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் 640 அடி உயர வித்தியாசம். அதை ஏற 1884-ல் பாதையை வளைத்துத் தன் மேலேயே பாலமாகக் கடக்கவிட்டார்கள். இன்றைக்கு ஓடுவது 1984-ல் மறுபடி கட்டிய பாலத்தில். உட்கார்ந்தே போகலாம், நடை இல்லை. நடுவில் லெபனான் வெள்ளிச் சுரங்கத்தில் இறக்கிக் கூட்டிப்போகும் டிக்கெட்டும் இருக்கிறது. அந்தச் சுரங்கத்துக்கு ரயிலில்தான் போக முடியும். அதை வாங்கினால் பிரெக்கன்ரிட்ஜில் சுரங்க டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. ஒரு பயணத்துக்கு ஒரு சுரங்கம் போதும்.

ஆனால் செப்டம்பர் பிற்பகுதியில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகும் வாரங்களிலும் கிறிஸ்துமஸ் ரயில்களுக்கும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். திறந்த பெட்டி, மூடிய பெட்டி என்று விலை வேறு வேறு. ஜூலை என்றால் விலை குறைந்த திறந்த பெட்டியே நல்லது, பெரியவர்களுக்கு ஒரு சால்வை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரயிலுக்குப் பதிவு செய்தால் மதிய மழைக்கு முன் மலை ஏறிவிடலாம்.